மென்பொருள் ஆளும் வலையமைப்பு: இணைய முதுகெலும்பின் வளர்ச்சியும் விளைவுகளும்

முன்னுரை

இணையத்தைப் பற்றித் தமிழில் நாம் எழுதியும் பேசியும் வந்தவற்றுள் பெரும்பகுதி எழுத்துருவையும் விசைப்பலகையையும் இணையத்தளங்களையும் பற்றியதாகும். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாடும் 2001ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கூடிய மாநாடும் இத்தகைய சிக்கல்களுக்கே முதன்மை தந்தன. அஃது அக்காலத்தின் தேவை. மொழி கணினித் திரையில் ஒழுங்காகத் தோன்றினாலன்றிப் பிற எதுவும் இயலாது. ஆயின், திரையில் தோன்றும் அவ்வெழுத்து எவ்வழியே வந்து சேர்கிறது, அவ்வழியைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினாக்களை நாம் மிகுதியாக எழுப்பியதில்லை.

கடந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அவ்வழியின் அமைப்பு அடியோடு மாறியிருக்கிறது. வன்பொருளுக்குள் அடைபட்டிருந்த முடிவெடுக்கும் ஆற்றல் மென்பொருளின் கைக்கு வந்துவிட்டது. இம்மாற்றத்தையே ‘மென்பொருள்வழி வரையறுக்கப்படும் வலையமைப்பு’ என்பர். சுருக்கம் கருதி இக்கட்டுரையில் இதனை ‘மென்பொருள் வலையமைப்பு’ எனக் குறிப்பிடுவோம். இது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தோன்றி, உலகின் பெரிய நிறுவனங்களின் முதுகெலும்பாக வளர்ந்த வரலாறு சுவையானது. இம்மாற்றம் மூடிக்கிடந்த வலையமைப்பைத் திறந்துவிட்டது. அதே வேளையில் முடிவெடுக்கும் ஆற்றலைச் சிலரிடம் குவித்தும் விட்டது. இவ்விரு விளைவுகளையும் ஒருசேர விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய வலையமைப்பின் இயல்பு

இணையத்தின் அடிப்படைக் கருத்து 1960களில் உருவானது. அமெரிக்காவின் ரேண்டு நிறுவனத்தைச் சேர்ந்த பால் பேரன், செய்தியைச் சிறுசிறு துண்டுகளாக்கி வெவ்வேறு வழிகளில் அனுப்பலாம் என்றும், நடுவில் தலைமை நிலையம் ஒன்று இல்லாத வலையமைப்பே தாக்குதலைத் தாங்கி நிற்கும் என்றும் எடுத்துரைத்தார். இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் தனித்து இதே முடிவுக்கு வந்தார். இத்துண்டுகளைத் தரவுப் பொதிகள் என்கிறோம். 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கலிபோர்னியாவின் இரு ஆய்வு நிலையங்களுக்கிடையே ஆர்ப்பாநெட் வலையமைப்பின் முதற்செய்தி சென்றது. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்தின் வழிவந்த நெறிமுறைகளுக்கு 1983ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அவ்வலையமைப்பு மாறியது. இன்றும் நாம் பயன்படுத்துவது அந்நெறிமுறைக் குடும்பத்தையே ஆகும்.

இவ்வமைப்பில் பொதிகளுக்கு வழிகாட்டுவது ரூட்டர் எனப்படும் திசைவி. ஒவ்வொரு திசைவியும் இரு பணிகளைச் செய்கிறது. முதலாவது, எந்த ஊருக்கு எவ்வழி என்பதைக் கணித்து ஓர் அட்டவணை அமைத்துக்கொள்வது. இரண்டாவது, வந்து சேரும் ஒவ்வொரு பொதியின் முகவரியையும் அவ்வட்டவணையோடு ஒப்பிட்டு உரிய வாயில் வழியே அனுப்பிவிடுவது. முன்னதைக் கட்டுப்பாட்டுப் பணி எனவும் பின்னதை அனுப்பும் பணி எனவும் கூறலாம். கட்டுப்பாட்டுப் பணி சிந்தனை சார்ந்தது. அனுப்பும் பணி விரைவு சார்ந்தது.

பழைய முறையில் இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் இணைந்திருந்தன. ஒவ்வொரு திசைவியும் தன் அண்டைத் திசைவிகளோடு செய்தி பரிமாறிக்கொண்டு தானே ஒரு முடிவுக்கு வரும். வெவ்வேறு நிறுவனங்களின் வலையமைப்புகள் ஒன்றோடொன்று வழிகளை அறிவித்துக்கொள்வதற்கென 1989ஆம் ஆண்டில் பிஜிபி எனப்படும் எல்லை நெறிமுறை வகுக்கப்பட்டது. தலைவர் இல்லாமலே உலகளாவிய வலையமைப்பு ஒன்று இயங்குவது இவ்வமைப்பின் அருஞ்செயல் எனலாம். ஒரு திசைவி பழுதுற்றால் மற்றவை தாமே மாற்றுவழி காணும்.

ஆயினும் இதற்கொரு விலை இருந்தது. சந்திக்குச் சந்தி ஒரு போக்குவரத்துக் காவலர் நிற்கிறார் என்றும், ஒவ்வொருவரும் அடுத்த சந்தியில் நிற்பவரிடம் மட்டுமே பேச இயலும் என்றும் கொள்வோம். நகரம் முழுமையையும் காண்பவர் எவரும் இலர். எல்லாரும் குறுகிய வழி என ஒரே சாலையைக் காட்டுவர். அச்சாலை நெரிந்துகொண்டிருக்கையில் பக்கத்துச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். திசைவிகளின் நிலையும் இதுவே.

மற்றொரு குறை வணிகம் சார்ந்தது. சில்லு, இயக்குதளம், செயற்பாடுகள் ஆகிய அனைத்தையும் ஒரே நிறுவனம் ஒரே பெட்டியில் மூடி விற்றது. தனிக்கணினித் துறையில் ஒருவர் சில்லு செய்வார். மற்றொருவர் இயக்குதளம் எழுதுவார். மூன்றாமவர் செயலிகளை உருவாக்குவார். அத்தகைய பகிர்வு வலையமைப்புத் துறையில் இல்லை. புதிய எண்ணம் ஒன்று தோன்றிய ஆய்வாளர் அதனை மெய்யான வலையமைப்பில் சோதித்துப் பார்க்க வழியின்றி, உற்பத்தியாளர் மனம்வைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரித்தல் என்னும் கருத்து

இந்நிலையை மாற்றிய எண்ணம் எளிமையானது. முடிவெடுக்கும் பணியை அனுப்பும் பணியிலிருந்து பிரித்தெடுத்தால் என்ன என்பதே அது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் மெக்கியோன், அவருடைய ஆய்வு மாணவர் மார்ட்டின் கசாடோ, பெர்க்லி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஷெங்கர் முதலானோர் 2007ஆம் ஆண்டில் ‘ஈத்தேன்’ என்னும் சோதனை வலையமைப்பைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஸ்டான்ஃபோர்டில் 300க்கும் மேற்பட்ட கணினிகள் அதில் இணைக்கப்பட்டிருந்தன. யார் யாரோடு தொடர்பு கொள்ளலாம் என்பதை நடுவிலிருந்த ஒரு கட்டுப்பாட்டு நிரலே முடிவு செய்தது. சுவிட்சுகள் அதன் சொற்படி பொதிகளைக் கடத்தும் எளிய கருவிகளாக நின்றன.

அடுத்த ஆண்டில், அதாவது 2008இல், ‘ஓப்பன்ஃபுளோ’ என்னும் நெறிமுறையை முன்மொழியும் கட்டுரை வெளிவந்தது. பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த எண்மர் சேர்ந்து எழுதிய அக்கட்டுரையின் ஆசிரியருள், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணனும் ஒருவர். உலக இணையத்தையே மாற்ற வேண்டும் என அக்கட்டுரை முழங்கவில்லை. பல்கலைக்கழக வளாகத்து வலையமைப்பில் ஆய்வாளர்கள் தம் சோதனைகளை நடத்த இடம் வேண்டும் என்றே அது கேட்டது. உற்பத்தியாளர்கள் தம் பெட்டியின் உள்ளமைப்பை வெளியிட வேண்டியதில்லை. வெளியிலிருந்து அட்டவணையை மாற்றுவதற்கு ஒரு பொதுவான வாயிலைத் திறந்துவிட்டால் போதும் என்பதே அதன் கோரிக்கை.

2009ஆம் ஆண்டின் இறுதியில் அந்நெறிமுறையின் முதற்பதிப்பு நிறைவுற்றது. 2011ஆம் ஆண்டில் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ, ஃபேஸ்புக், வெரைசன், டாய்ச் டெலிகாம் ஆகிய ஆறு நிறுவனங்கள் கூடித் திறந்த வலையமைப்புக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவின. இவ்வறுவரும் வலையமைப்புக் கருவிகளை விற்பவர் அல்லர். வாங்குபவர் என்பது கருதத்தக்கது. வாங்குபவர் ஒன்றுகூடி விற்பவரிடம் ‘பெட்டியைத் திற’ என்று கேட்ட நிகழ்ச்சி அது. கசாடோவும் அவர்தம் ஆசிரியர்களும் தொடங்கிய நிசிரா நிறுவனத்தை 2012ஆம் ஆண்டில் விஎம்வேர் நிறுவனம் ஏறத்தாழ 1.26 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியபோது, இக்கருத்தின் வணிக மதிப்பும் உலகுக்குப் புலனாயிற்று.

செயல்படும் முறை

மென்பொருள் வலையமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம். ஒவ்வொரு சுவிட்சிலும் ஓர் அட்டவணை உள்ளது. அதன் ஒவ்வொரு வரியும் இரு பகுதிகளைக் கொண்டது. ‘இத்தகைய பொதி வந்தால்’ என்பது முதற்பகுதி. ‘இதனைச் செய்’ என்பது இரண்டாம் பகுதி. முகவரி, வாயில் எண், பொதியின் வகை முதலானவற்றுள் எதையேனும் கொண்டு பொதியை அடையாளங்காணலாம். செய்ய வேண்டியது, குறிப்பிட்ட வாயில் வழியே அனுப்புதல், தலைப்பை மாற்றுதல், எறிந்துவிடுதல் போன்றவற்றுள் ஒன்றாக இருக்கும். அட்டவணையில் இடம்பெறாத பொதி வருமாயின், சுவிட்ச் அதனைக் கட்டுப்பாட்டு நிரலுக்கு அனுப்பி அறிவுரை கேட்கலாம். நிரல் முடிவுசெய்து புதிய வரியொன்றை எழுதிவிட்டால், அதன்பின் அவ்வகைப் பொதிகள் தடையின்றிச் செல்லும்.

கட்டுப்பாட்டு நிரல் தனிப்பட்ட பெட்டி அன்று. அது சர்வர் எனப்படும் சாதாரண வழங்கிக் கணினிகளில் ஓடும் மென்பொருளே. வலையமைப்பின் முழு வரைபடத்தையும் அது தன் நினைவகத்தில் வைத்திருக்கும். எந்த இணைப்பு நிறைந்திருக்கிறது, எது ஒழிந்திருக்கிறது, எது அறுந்திருக்கிறது என்பதை அது அறியும். முன்னர்க் கூறிய உவமையின்படி, சந்திகளில் நின்ற காவலர்கள் விளக்குகளாக மாறி, நகரம் முழுவதையும் காணும் கட்டுப்பாட்டு அறை ஒன்று அமைந்துவிட்டது எனலாம்.

அவ்வறை பழுதுற்றால் என்னாகும் என்னும் ஐயம் இயல்பாகவே எழும். ஆகையால் கட்டுப்பாட்டு நிரலின் பல படிகள் வெவ்வேறு வழங்கிகளில் ஓடுகின்றன. அவற்றுள் எது தலைமை என்பதை அவையே தமக்குள் வாக்கெடுத்து முடிவுசெய்கின்றன. இதற்குப் பயன்படும் ‘பாக்சோஸ்’ என்னும் வழிமுறையைக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் வகுத்தார். கிரேக்கத் தீவொன்றின் கற்பனை நாடாளுமன்றத்தை உவமையாக்கி அவர் அதனை விளக்கினார். அத்தீவின் பெயரே வழிமுறைக்கும் பெயராயிற்று. உறுப்பினர் சிலர் அவைக்கு வாராவிடினும் முரண்பாடற்ற முடிவை எட்டுவதே அதன் சிறப்பு.

தரவு மையத்தின் உள்ளே

மென்பொருள் வலையமைப்பு முதலில் வேரூன்றிய இடங்களுள் தரவு மையம் ஒன்று. பல்லாயிரம் வழங்கிகள் அடுக்கடுக்காக நிற்கும் கட்டடமே தரவு மையம். நாம் தேடுபொறியில் ஒரு சொல்லை இடும்போது, அவ்வொரு வினாவுக்கு விடை காண நூற்றுக்கணக்கான வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. எனவே, வெளியுலகுக்கும் மையத்துக்கும் இடையிலான போக்குவரத்தைவிட மையத்தின் உள்ளே நிகழும் போக்குவரத்தே பெரிதாயிற்று.

பழைய தரவு மையங்கள் மரம்போல் அமைந்திருந்தன. கிளைகள் அடியை நோக்கிக் கூடக்கூட, அடிமரத்திலுள்ள கருவி பெரியதாகவும் விலைமிக்கதாகவும் இருக்க வேண்டியிருந்தது. இச்சிக்கலுக்கான தீர்வு தொலைபேசித் துறையில் முன்னரே இருந்தது. 1953ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தின் சார்லஸ் கிளோஸ், சிறிய இணைப்பிகள் பலவற்றை அடுக்குகளாகக் கோத்துப் பெரிய இணைப்பகம் ஒன்றின் பணியைச் செய்விக்கலாம் என நிறுவியிருந்தார். 2008ஆம் ஆண்டில் சான் டியேகோ கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அமீன் வாதாத் முதலானோர் அக்கருத்தைத் தரவு மையத்துக்கு ஏற்றினர். விலைகுறைந்த ஒரே வகைச் சுவிட்சுகளைக் கொண்டே எல்லா அடுக்குகளையும் அமைக்கலாம் என அவர்கள் காட்டினர்.

இவ்வமைப்பில் இரு வழங்கிகளுக்கிடையே பல வழிகள் உண்டு. வழிகள் பலவாயின் அவற்றைப் பகிர்ந்தளிக்கும் அறிவு தேவை. அவ்வறிவை மென்பொருள் தந்தது. கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களுக்கென வகுத்த ‘ஜூபிடர்’ என்னும் உள்வலையமைப்பைப் பற்றி 2015ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டது. 1,00,000 வழங்கிகள் ஒவ்வொன்றும் நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஒரே வேளையில் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டென அந்நிறுவனம் தெரிவித்தது.

மற்றொரு வளர்ச்சி வழங்கியின் உள்ளேயே நிகழ்ந்தது. ஒரே வழங்கியில் பல மெய்நிகர் கணினிகள் ஓடத் தொடங்கியபின், அவற்றுக்கிடையே பொதிகளைக் கடத்த ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது. அச்சுவிட்ச் மென்பொருளாகவே எழுதப்பட்டது. 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ‘ஓப்பன் விசுவிட்ச்’ என்னும் திறந்த மூல மென்பொருள் இவ்வகையில் பரவலான பயன்பாடு பெற்றது. கம்பிகளை மாற்றாமலே, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வலையமைப்பு இருப்பதுபோன்ற தோற்றத்தை இதனால் உருவாக்க இயன்றது. மேகக் கணிமை என நாம் இன்று வழங்கும் சேவைகள் அனைத்தும் இவ்வடித்தளத்தின் மேல் நிற்பவை.

கண்டங்களை இணைக்கும் முதுகெலும்பு

தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெடுந்தொலைவு வலையமைப்பே முதுகெலும்பு எனப்படுகிறது. கடலடி வடங்களின் செலவு மிகுதி. ஆயினும் பழைய முறையில் அவை பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு அளவுக்கே பயன்பட்டன. ஓர் இணைப்பு அறுந்தால் அதன் சுமையை மற்றவை தாங்க வேண்டும் என்பதற்காக எஞ்சிய இடம் வெறுமையாக விடப்பட்டது.

கூகுள் தன் தரவு மையங்களுக்கிடையே ‘பி4’ என்னும் முதுகெலும்பை ஓப்பன்ஃபுளோ நெறிமுறையின் துணையோடு அமைத்தது. 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நிறுவனத்தின் உர்ஸ் ஹோல்ஸ்லே இதனைப் பொதுமேடையில் அறிவித்தார். 2013ஆம் ஆண்டில் இதன் முழு விளக்கம் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. இணைப்புகள் பலவற்றை ஏறத்தாழ 100 விழுக்காடு வரை நிரப்ப இயன்றது என்பதே அதன் முதன்மைச் செய்தி.

இஃது எவ்வாறு இயன்றது? விடை எளிது. எல்லாப் போக்குவரத்தும் ஒரே அவசரம் உடையது அன்று. பயனரின் மின்னஞ்சலையும் ஆவணங்களையும் மற்றொரு மையத்தில் படியெடுத்து வைப்பது அளவிற் சிறியது. ஆனால் உடனே நிகழ வேண்டியது. பெருந்தொகுதித் தரவுகளை மையங்களுக்கிடையே ஒத்திசைப்பது அளவிற் பெரியது. ஆனால் சற்றுப் பொறுக்கக்கூடியது. பெருநாள் விடுமுறைகளில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பயண நேர அட்டவணை வெளியிடப்படுவதை மலேசியர் அறிவர். இன்ன ஊருக்குச் செல்வோர் இன்ன நேரத்தில் புறப்படுக என அறிவுறுத்துவதால் ஒரே சாலை மிகுதியான வாகனங்களைத் தாங்குகிறது. சாலைப் பயணி அதனை மீறலாம். வலையமைப்பில் பொதிகள் மீற இயலா. அனுப்பும் வழங்கியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு கட்டுப்பாட்டு நிரல் செய்துவிடுகிறது. இணைப்பு அறுந்தாலும் பொறுக்கக்கூடிய தரவு ஒதுங்கி நின்று அவசரத் தரவுக்கு வழிவிடும். ஆகவே வெற்றிடம் வைத்திருக்கும் தேவை குறைந்தது.

2018ஆம் ஆண்டில் வெளிவந்த தொடர் ஆய்வின்படி, ஐந்தாண்டுகளில் அம்முதுகெலும்பின் போக்குவரத்து 100 மடங்குக்கு மேல் பெருகியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2013ஆம் ஆண்டிலேயே இதனையொத்த ஓர் அமைப்பை வெளியிட்டது. ஃபேஸ்புக் 2017ஆம் ஆண்டில் தன் முதுகெலும்பைப் பற்றி எழுதியது. தொலைத்தொடர்புத் துறையில் அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குள் தன் வலையமைப்பில் 75 விழுக்காட்டை மென்பொருளின் கீழ்க் கொண்டுவர இலக்கு வகுத்துச் செயல்பட்டது.

ஓப்பன்ஃபுளோ நெறிமுறைக்கும் எல்லை இருந்தது. பொதியின் எந்தெந்தப் பகுதியைச் சுவிட்ச் படிக்க இயலும் என்பதைச் சில்லு செய்தவரே முன்கூட்டி முடிவு செய்திருந்தார். இதனைக் களைய 2014ஆம் ஆண்டில் ‘பி4’ என்னும் நிரல்மொழி முன்மொழியப்பட்டது. கூகுளின் முதுகெலும்பும் இம்மொழியும் ஒரே பெயரைப் பெற்றிருப்பினும் இரண்டும் வேறு. இம்மொழியால் சில்லையே நிரல்படுத்த இயன்றது. இதற்கெனத் ‘தொஃபினோ’ சில்லை உருவாக்கிய பேர்ஃபுட் நிறுவனத்தை 2019ஆம் ஆண்டில் இன்டெல் வாங்கியது; 2023ஆம் ஆண்டில் அச்சில்லின் அடுத்த தலைமுறைகளை உருவாக்கும் பணியை நிறுத்தியது. நல்ல கருத்தாயினும் அதன் வாழ்வு ஒரு நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கைச் சார்ந்து நின்றதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

குவிதலின் இடர்

நடுவண் அறிவு நன்மையை விரைந்து பரப்புவதுபோலவே பிழையையும் விரைந்து பரப்பும். கூகுளின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரையே இதற்குச் சான்று தருகிறது. பராமரிப்பின்போது இரு சுவிட்சுகளுக்குக் கைத்தவறுதலாக ஒரே அடையாள எண் இடப்பட்டது. அச்சிறு பிழையிலிருந்து தொடங்கிய குழப்பம் கட்டுப்பாட்டுச் செய்திகளை நெரித்துப் பெரும் தடங்கலில் முடிந்தது. தம் வெற்றியைச் சொல்லும் கட்டுரையில் இத்தோல்வியையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதியது பாராட்டத்தக்கது.

2019ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் அந்நிறுவனத்தின் சேவைகள் 4 மணி நேரத்துக்கும் மேலாக அமெரிக்காவில் பெரிதும் பாதிக்கப்பட்டன. பராமரிப்புக்கென இயங்கிய தன்னியக்க மென்பொருள், பல இடங்களில் வலையமைப்பின் கட்டுப்பாட்டு நிரல்களையே நிறுத்திவிட்டது. சுவிட்சுகள் தாம் இறுதியாகப் பெற்ற அட்டவணையைக் கொண்டு சில நிமிடங்கள் தாக்குப்பிடித்தன. பின்னர் வழிகள் சுருங்கின. பழுதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே நெரிசலில் சிக்கிக்கொண்டன.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் நிகழ்ந்ததை நம்மில் பலர் நேரில் உணர்ந்திருப்போம். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் உலகெங்கும் முடங்கின. முதுகெலும்பின் கொள்ளளவை அளந்தறிய இட்ட கட்டளை ஒன்று, அதன் இணைப்புகள் அனைத்தையும் அறுத்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனை நிரலிலும் பிழை இருந்தது. தரவு மையங்களோடு தொடர்பிழந்த பெயர்முகவரி வழங்கிகள் தம் வழியறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. உலக இணையத்தின் வரைபடத்திலிருந்து அந்நிறுவனமே மறைந்துபோயிற்று. பொறியாளர்கள் நேரில் சென்று, பாதுகாப்பு மிக்க கட்டடங்களுக்குள் நுழைந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. குடும்பத்தோடு பேசவும் சிறுவணிகம் நடத்தவும் அச்செயலிகளையே நம்பியிருந்தோர்க்கு அவ்வேளையில் மாற்றுவழி இல்லை.

மையமற்ற வலையமைப்பே தாங்கி நிற்கும் என்ற பேரனின் கருத்தை இவ்விடத்தில் நாம் நினைவுகூர்வது பொருந்தும். இணையம் இன்றும் ஒட்டுமொத்தமாக மையமற்றதே. ஆயின் அதன் போக்குவரத்தில் பெரும்பங்கை ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்குள் மையமுடையவையாகிவிட்டன. இவ்விடரை உணர்ந்தே, கட்டுப்பாட்டைப் பல வட்டாரங்களாகப் பகுத்து, ஒரு வட்டாரத்தின் பிழை மற்றொன்றைத் தாக்காமல் காக்கும் முறைகள் இன்று மேற்கொள்ளப்படுகின்றன. பிரித்தெடுத்த அறிவை மீண்டும் ஓரளவு பகிர்ந்தளிப்பதே இவ்வளர்ச்சியின் அண்மைக்காலப் போக்கு எனலாம்.

நம் வட்டாரமும் இம்மாற்றமும்

இம்முதுகெலும்பின் கணுக்கள் இன்று நம் வாசலில் எழுகின்றன. சிங்கப்பூரின் மொத்த மின்பயன்பாட்டில் தரவு மையங்களின் பங்கு 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்தது. நிலமும் மின்சாரமும் குறைவாக உள்ள அந்நாடு 2019 முதல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்து, 2022ஆம் ஆண்டில் கடும் நிபந்தனைகளோடு மீண்டும் இசைவளித்தது. அதன் விளைவாகப் பலர் பார்வை அக்கரையிலுள்ள ஜொகூர் மாநிலத்தின் மீது திரும்பியது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் மட்டும் மைக்ரோசாஃப்ட் 2.2 பில்லியன் அமெரிக்க டாலரும், கூகுள் 2 பில்லியன் அமெரிக்க டாலரும் மலேசியாவில் முதலீடு செய்யவிருப்பதாக அறிவித்தன.

இதனை நாம் வரவேற்கலாம். ஆயினும் மேலே கண்ட வரலாறு ஒரு வினாவை எழுப்புகிறது. மென்பொருள் வலையமைப்பில் மதிப்பு மிகுந்த பகுதி பெட்டியன்று. அதனை ஆளும் நிரலே ஆகும். பெட்டி எங்கிருந்தாலும் ஆளும் நிரல் வேறொரு கண்டத்தில் எழுதப்படலாம்; அங்கிருந்தே இயக்கவும் படலாம். நிலம், நீர், மின்சாரம் ஆகிய மூன்றையும் நாம் தந்து, முடிவெடுக்கும் அறிவில் பங்கு பெறாதிருப்போமாயின், வலையமைப்பின் அனுப்பும் பணி மட்டுமே நம்முடையதாகும். இரப்பரும் ஈயமும் இம்மண்ணிலிருந்து சென்ற காலத்தில் அவற்றின் விலையை இலண்டன் சந்தை உரைத்த வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வச்சம் புதிதன்று.

இதற்கான தொடக்கம் பல்கலைக்கழகத்தில்தான் உள்ளது. ஓப்பன்ஃபுளோ பிறந்ததும் வளாக வலையமைப்பில் சோதனைக்கு இடம் கேட்ட கோரிக்கையிலிருந்துதான். அதன் வழிவந்த கருவிகள் பல திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினியில் மெய்நிகர் சுவிட்சுகள் பலவற்றை அமைத்து, தானே எழுதிய கட்டுப்பாட்டு நிரலால் அவற்றை ஆள ஒரு மாணவரால் இன்று இயலும். மலேசியாவின் மைரென், சிங்கப்பூரின் சிங்கேரன் ஆகிய கல்வி ஆய்வு வலையமைப்புகள் நம் பல்கலைக்கழகங்களை ஏற்கெனவே இணைத்துள்ளன. இத்தகைய வலையமைப்புகளில் மாணவர் சோதனைகளுக்கெனச் சிறு பகுதி ஒதுக்கப்படுமாயின், ஸ்டான்ஃபோர்டில் 300 கணினிகளோடு நிகழ்ந்தது இங்கும் நிகழலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவதாக, முடிவெடுக்கும் பணியையும் அனுப்பும் பணியையும் பிரித்ததால் வலையமைப்பு ஆய்வுக்கும் புதுமைக்கும் திறந்த களமாயிற்று. இரண்டாவதாக, முழு வரைபடத்தையும் காணும் நிரலால் விலைமிக்க வடங்கள் வீணாகாமல் பயன்படுகின்றன. தரவு மையங்கள் எளிய கருவிகளாலேயே பேராற்றல் பெறுகின்றன. மூன்றாவதாக, அதே பார்வை ஓரிடத்தில் குவிந்ததால் ஒரு பிழையின் எல்லையும் ஒரு நிறுவனத்தின் ஆற்றலும் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விரிந்தன.

தமிழைத் திரையில் ஏற்றுவதற்கு ஒரு தலைமுறை உழைத்தது. அந்தத் தமிழ் பயணம் செய்யும் பாதையை அறிந்து ஆளும் பணி அடுத்த தலைமுறைக்கு உரியது. அதற்குக் கடவுச்சொல்லோ பெருமூலதனமோ முதற்தேவை அல்ல. பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆர்வமே முதற்தேவை. கலிபோர்னியாவில் ஒரு வளாகத்தில் இவ்வரலாறு தொடங்கியதும் அவ்வார்வத்தினால்தான்.